நீலகிரியில் பறவை பார்க்கத் தொடங்குகிறீர்களா? முதலில் இடத்தைப் படியுங்கள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றே தாண்டிய ஊர். அங்கிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர்தான். அதற்குள் 1,900 மீட்டர் ஏறிவிடுகிறோம். தொட்டபெட்டா உச்சிக்குப் போனால் 2,637 மீட்டர். ஏறும் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. மரம் மாறுகிறது, புல் மாறுகிறது, பூச்சி மாறுகிறது, பறவையும் மாறுகிறது. காலையில் அடிவாரத்துக் கல்லாறில் பார்த்த பறவைகளில் பெரும்பாலானவற்றை அதே நாள் மாலை தொட்டபெட்டாவில் பார்க்க முடியாது.

புதிதாக வருபவர்கள் பலரும் கையேட்டைப் பிரித்து, படத்தில் உள்ள பறவையைக் காட்டில் தேடுகிறார்கள். மலையில் இது பலன் தராது. எந்த உயரம், எந்த வகை மரம், தரையிலிருந்து எவ்வளவு மேலே என்ற மூன்றையும் முதலில் பார்த்துவிட்டால், அங்கே இருக்கக்கூடிய பறவைகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். கையேட்டில் நூறு பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் பத்துப் பறவைகளுக்குள் தேடினால் போதும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

கையில் என்ன வேண்டும்

ஒரு பைனாகுலர், ஒரு சின்ன நோட்டு, பென்சில். மழையிலும் பனியிலும் பேனா எழுதாது. பைனாகுலரில் 8×42 அளவை வாங்குங்கள்; 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள். 10 மடங்கு பெரிதாகக் காட்டுவது நல்லதுதானே என்று கடையில் தோன்றும். ஆனால் மேல்மலையின் அடர்ந்த சோலைக்காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, பறவை பக்கத்திலேயே புதருக்குள் ஓடும், கை ஆட்டமும் அதிகம் தெரியும். அங்கே 8 மடங்குதான் உதவும். கேமரா இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. முதல் சில மாதங்கள் கேமரா இருந்தால் கண் திரையிலேயே இருக்கும். பறவை என்ன செய்கிறது என்று பார்க்கும் பழக்கம் வராது.

கைபேசியில் ஈபேர்ட், மெர்லின் இரண்டு செயலிகளையும் ஏற்றிக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். ஈபேர்டில் பட்டியல் எழுதலாம். மெர்லின் குரலைக் கேட்டு இன்ன பறவையாக இருக்கலாம் என்று சொல்லும். அது சொல்வதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பறவையைக் கண்ணால் பார்க்காமலோ, குரல் உங்களுக்கே உறுதியாகத் தெரியாமலோ பட்டியலில் சேர்க்காதீர்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், மெர்லினின் பறவைத் தொகுப்புகளை வீட்டிலேயே பதிவிறக்கிவிடுவது நல்லது.

உடுப்பு பச்சை, பழுப்பு, சாம்பல் என்று மங்கலாக இருக்கட்டும். டிசம்பர், ஜனவரியில் மேல்மலையில் உறைபனி விழும். விடியற்காலையில் கையுறை இல்லாமல் பைனாகுலரைப் பிடிக்கவே முடியாது. மழைக்காலத்தில் மேற்குப் பக்கம் போனால் அட்டைப்பூச்சியைத் தடுக்கும் காலுறை வேண்டும்.

நீலகிரிக்கு வெளியிலிருந்து வாகனத்தில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மாவட்டத்தில் தடை உண்டு, எஃகு பாட்டில் எடுத்து வாருங்கள்.

ரயில் ஜன்னலிலிருந்து முதல் பாடம்

முடிந்தால் முதல் பயணத்தை மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் செய்யுங்கள். பறவைக்காக அல்ல, செடிகொடிக்காக. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை தொடங்கும். வண்டி மிக மெதுவாக ஏறும். கீழே முள்மரங்களும் மூங்கிலும் கலந்த வறண்ட காடு. பாதி வழியில் ஓடைப் பள்ளங்களில் உயரமான, ஈரமான காடு. குன்னூர் நெருங்கும்போது தேயிலையும் சில்வர் ஓக்கும். அதற்கு மேலே கற்பூர மரம் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் யூகலிப்டஸ், சீகை மரம் என்று சொல்லும் வாட்டில், நடுநடுவே பள்ளங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோலை. எந்த இடத்தில் எது மாறுகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். கைபேசியே உயரத்தைக் காட்டும்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். மழை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெய்வதில்லை. கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். வடக்கே மசினகுடி, சீகூர் பகுதி மழை மறைவில் கிடக்கிறது. ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு இடங்களில் வேறு வேறு பறவைகள் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தேயிலைத் தோட்ட ஓரத்தில் பத்துப் பறவைகள்

நேரே காட்டுக்குள் போக வேண்டாம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ தேயிலைக்கு நடுவே போகும் ஓர் ஊர்ச் சாலையைத் தேர்ந்தெடுத்து, காலை ஆறேகாலிலிருந்து ஒன்பதரைக்குள் நடங்கள். இங்கே பழகும் பறவைகள்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோல். கம்பியில் கூம்புக் கொண்டையோடு உட்கார்ந்திருப்பது செம்மீசைச் சின்னான். தேயிலைச் செடியின் மேல் நுனியில் நின்று வாலை ஆட்டும் கறுப்பு வெள்ளைக் குருவி புதர்ச்சிட்டு. அது ஆண், பெண் பழுப்பாக இருக்கும். வீட்டுத் தாழ்வாரத்தில் மண்கூடு கட்டியிருந்தால் அது மலைத் தகைவிலான். சில்வர் ஓக்கில் கூட்டமாக மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போவது வெள்ளைக்கண்ணி. பட்டாணிக்குருவி, புள்ளிப்புறா, சாம்பல் கதிர்க்குருவி, செம்முதுகுக் கீச்சான், குளிர்காலம் என்றால் ஓடையோரம் சாம்பல் வாலாட்டி. நாள் முழுக்கக் 'குட்ரூ குட்ரூ' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது வெண்கன்னக் குக்குறுவான்.

இவற்றைக் குரலாலேயே சொல்ல வந்த பிறகு சோலைக்குப் போங்கள். சோலைக்குள் பறவை தெரிவதைவிடக் கேட்பதுதான் அதிகம். பழக்கமான குரல் எது என்று தெரிந்தால்தான் புதுக்குரல் காதில் தனியாக விழும்.

தேயிலைக்குள் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் தோட்டங்களுக்குள் சாதாரணமாக நடமாடுகின்றன. செடிக்கு மேல் தெரியும் முதுகைப் பாறை என்று நினைத்து நெருங்கிவிடக் கூடாது. விடியும் முன் தனியாக நடக்காதீர்கள். பறவையைப் பார்த்துக்கொண்டே பின்னால் அடி வைக்காதீர்கள். இலை பறிக்க வரும் பெண்களிடம் கேளுங்கள். நேற்று எந்தச் சரிவில் என்ன நின்றது என்று அவர்களுக்குத் தெரியும்.

சோலை: மாடி மாடியாகப் பாருங்கள்

நீலகிரியின் உயிர் சோலையில்தான் இருக்கிறது. மேல்மலையில் மலைமடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் மட்டும் வளரும் குட்டையான, அடர்ந்த, என்றும் பசுமையான காடு இது. திறந்த சரிவுகளில் உறைபனி நாற்றுகளைக் கருக்கிவிடும். காற்றும் தீயும் சேர்ந்துகொள்ளும். அதனால் சரிவு புல்லுக்கு, பள்ளம் மரத்துக்கு. புதியவர்கள் போகத்தக்க இடங்கள்: ஊட்டியில் கேர்ன்ஹில், தொட்டபெட்டா சாலையோரம், கோத்தகிரியில் லாங்வுட் சோலை. லாங்வுட் 116 ஹெக்டேர்தான். ஆனால் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024ல் இடம்பெற்ற இடம். சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருவதும் அந்தச் சோலைதான். வனத்துறையிடம் கேட்டு அனுமதி பெற்ற பிறகே உள்ளே போங்கள்.

உள்ளே போனதும் நடப்பதை நிறுத்துங்கள். ஓரிடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். பிறகு கீழிருந்து மேலாகப் பாருங்கள்.

தரையும் முழங்கால் உயரமும்: இருண்ட, ஈரமான ஓடையோரத்தில் நீலகிரி சோலைக்கிளி ஓடும். பெயரில் கிளி இருந்தாலும் குருவி அளவுதான். கருநீல உடல், செம்பழுப்பு விலா. உலகத்திலேயே பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள உயரமான மலைகளில் மட்டும் வாழ்வது. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இருப்பது வேறு இனம், வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. 30, 40 கிலோமீட்டர் அகலமான ஒரு தாழ்நிலம் இந்தச் சின்னஞ்சிறு பறவைகளை நெடுங்காலம் பிரித்தே வைத்திருக்கிறது. மலையுச்சியை விட்டுக் கீழே இறங்கி வெப்பமான சமவெளியைக் கடந்து மறுபக்கம் ஏறுவது அவற்றால் ஆகாது. 2017ல் மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் இவற்றுக்கென்றே புதிய பேரினம் அமைக்கப்பட்டது.

இடுப்பு உயரம்: கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். ஆண் பறவைக்குத் தலையும் சிறகும் கறுப்பு, உடல் நெருப்பு நிறம். புதரின் கீழ்க்கிளையில் உட்கார்ந்து, தரைக்கு இறங்கி ஒரு பூச்சியை எடுத்து, மீண்டும் ஏறும். அடிச்செடிகள் அடர்ந்த இடத்தில்தான் இருக்கும். மாடு மேய்ந்தோ வெட்டியோ அடிப்புதர் போன இடத்தில், மேலே மரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் தேடிப் பயனில்லை.

நடுக்கிளைகள்: நீலகிரி ஈப்பிடிப்பான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் நீலமேனி ஈப்பிடிப்பானோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வந்த பறவை பளிச்சென்ற பசுநீலம், ஆணுக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கறுப்புத் திட்டு தெளிவாகத் தெரியும். நம்ம ஊர்ப் பறவை அடர்ந்த கருநீலம். குளிர்காலத்தில் கண்ணை இன்னும் கூர்மையாக வைத்திருங்கள். காஷ்மீரில் கூடு கட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தைக் கழிக்க வருவது மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும்தான்.

அடிமரம்: தலைகீழாக இறங்கும் நீலப் பறவை தெரிந்தால் அது பசை எடுப்பான். உச்சி: நீலகிரி காட்டுப்புறா. கழுத்தின் பின்னால் சதுரங்கப் பலகை போன்ற கட்டம் இருக்கும். பழத்தை முழுதாக விழுங்கி, கொட்டையை வேறிடத்தில் போடும். சோலை மரங்கள் பரவுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இத்தனை மாடிகளையும் சேர்த்துப் பயன்படுத்துவது நீலகிரிச் சிரிப்பான். நீலகிரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, அழிவு நிலையில் உள்ளது. ஆனால் ஊட்டி தாவரவியல் பூங்காவிலேயே பார்த்துவிடலாம்! கூட்டமாகச் சிரிப்பது போன்ற குரல், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு. சோலை ஓரத்தில் தவிட்டுப்பழம் பழுத்திருக்கும் புதரைக் கண்டால் சற்றுத் தள்ளி நின்று காத்திருங்கள். இதன் பரப்பு மிகச் சிறியது என்பதையும், அந்தப் பரப்புக்குள் அடிக்கடி கண்ணில் படும் என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். எளிதில் தெரிகிறது என்பதால் அது பாதுகாப்பாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

சில சமயம் அரைமணி நேரம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று பட்டாணிக்குருவி, வெள்ளைக்கண்ணி, பசை எடுப்பான், மின்சிட்டு, இலைக்குருவி எல்லாம் சேர்ந்து ஒரே கூட்டமாக வரும். இது கலப்பு வேட்டைக் கூட்டம். ஒன்று கிளப்பும் பூச்சி மற்றொன்றுக்கு இரையாகும், வல்லூறு வந்தால் பார்க்கக் கண்களும் அதிகம். அப்போது ஒரு பறவையையே துரத்தாமல், எந்த இனம் எந்த உயரத்தில் போகிறது என்று மட்டும் வேகமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

புல்வெளியை வெறும் இடம் என்று நினைக்காதீர்கள்

அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் மிஞ்சியிருக்கும் புல்வெளிகளில் நீலகிரி நெட்டைக்காலி வாழ்கிறது. புல்லின் நிறமே அதன் நிறம். நடந்து போகும்போது காலடிக்கு முன்னால் கிளம்பி, கொஞ்ச தூரம் பறந்து மறையும். அது இறங்கிய இடத்தை நெருங்காமல், அருகே உள்ள பாறையையோ புதரையோ பைனாகுலரில் பாருங்கள், ஏறி உட்காரும். வானில் ஓரிடத்திலேயே சிறகடித்து நிற்பது சிவப்பு வல்லூறு. காட்டின் மேல் மிக மெதுவாக, மரத்தைத் தொடுவது போல் மிதந்து போனால் கருங்கழுகு. பிற பறவைகளின் கூடுகளைத் தேடிப் போகிறது. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் பொதுமக்கள் விருப்பப்படி போக முடியாது, அதற்காக யாரிடமும் குறுக்கு வழி கேட்காதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 19ம் நூற்றாண்டிலிருந்தே இந்தப் புல்வெளிகளைத் தரிசு என்று கருதி யூகலிப்டஸும் வாட்டிலும், பிற்பாடு பைனும் நட்டார்கள். மரம் அதிகமானால் பறவையும் அதிகமாகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. வாட்டில் ஏறிய சரிவில் நெட்டைக்காலிக்கு இடமில்லை. அதே வாட்டிலின் அடியில் நிழலும் ஈரமும் கூடிச் சோலைச் செடிகள் முளைத்திருந்தால் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானும் சிரிப்பானும் அங்கே வந்துவிடுகின்றன. ஒரு மரம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது, எந்தப் பறவைக்கு என்று கேட்க வேண்டும். உங்கள் நோட்டில் 'காடு' என்று மட்டும் எழுதாமல் 'வாட்டில், அடிப்புதர் உண்டு' என்று எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

கீழே இறங்குங்கள்

மேல்மலை பழகியதும் அடிவாரத்துக்கு வாருங்கள். கல்லாறு, பர்லியார் பகுதியின் ஓடையோரக் காட்டில் துடுப்புவால் கரிச்சான், மஞ்சள் புருவச் சின்னான், மாநிலப் பறவையான மரகதப்புறா. விடியும் முன் ஓடையிலிருந்து யாரோ ஒருவர் சீட்டியடிப்பது போலக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி.

ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை 36 கொண்டை ஊசி வளைவுகளில் சீகூர்ப் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. வெளியூர் வாகனங்களுக்கு அதில் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள். மசினகுடி சுற்றுப்புறம் முள்காடு. மயில், பனங்காடை, பஞ்சுருட்டான், கொண்டலாத்தி, சாம்பல் காட்டுக்கோழி எல்லாம் சாலையிலிருந்தே தெரியும். முதுமலைப் புலிகள் காப்பகப் பகுதியில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இந்தக் காட்டை அறிந்த இருளர் இளைஞர்கள் சிலர் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். ஓர் உள்ளூர் வழிகாட்டியோடு ஒரு காலைப் பொழுது போனால் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

இங்கே வானத்தையும் பாருங்கள். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு ஆகிய பிணந்தின்னிக் கழுகுகள் தென்னிந்தியாவில் இன்னும் வாழும் மிகச் சில இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு ஒன்று. வெண்முதுகுப் பாறுகள் ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிமருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து நாடு முழுவதும் அவற்றை அழித்தது. கால்நடைப் பயன்பாட்டுக்கு அந்த மருந்தை 2006ல் தடை செய்தார்கள். கூடு இருக்கும் இடத்தைக் கண்டால் இணையத்தில் போடாதீர்கள். இறந்தோ விழுந்தோ கிடக்கும் பாறு எதையாவது கண்டால் தொடாமல் வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள்.

எழுதும் முறை

பார்த்ததைவிட எழுதியதுதான் நிற்கும். பெயரும் எண்ணிக்கையும் மட்டும் இருந்தால் அது பாதிக் குறிப்பு. ஒரு வரி இப்படி இருக்கட்டும்: 'காலை 7.10, 2,200 மீட்டர், சோலை ஓரம், கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஆண் 1, முழங்கால் உயரம், தரையில் இறங்கிப் பூச்சி பிடித்தது.' இந்த ஒரு வரியில் இனம், இடம், அடுக்கு, செயல் எல்லாம் வந்துவிட்டன.

வாழிடங்களை ஒப்பிட வேண்டுமானால் எல்லா இடத்திலும் ஒரே அளவு நேரம் நிற்க வேண்டும். சோலையில் 15 நிமிடம் என்றால் தேயிலையிலும் வாட்டிலிலும் புல்வெளியிலும் 15 நிமிடம், முடிந்தவரை ஒரே வேளையில். ஒன்றுமே வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பைன் தோப்பில் 15 நிமிடத்தில் இரண்டே பறவை என்பது பயனுள்ள தகவல். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: புல்வெளியில் 100 மீட்டர் தள்ளி இருப்பதும் தெரியும், சோலையில் பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆகவே இரண்டு எண்ணிக்கைகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து இங்கே அதிகம், அங்கே குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். பார்த்ததா கேட்டதா, எவ்வளவு தூரத்தில் என்று குறித்தால் பிற்பாடு சரியாக ஒப்பிட முடியும்.

குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பதைச் செய்யவே செய்யாதீர்கள். சோலைக்கிளி தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு, கூட்டில் குஞ்சு இருந்தால் அதையும் விட்டுவிட்டு வரும். மார்ச் முதல் ஜூன் வரை பலவற்றுக்கும் கூடு கட்டும் காலம். ஓர் ஈப்பிடிப்பான் இரையை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்காமல் உங்களைப் பார்த்துச் சத்தமிட்டால் கூடு பக்கத்தில் இருக்கிறது. வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஒரு வருடத்துக்கான திட்டம்

உங்கள் தங்குமிடத்துக்கு அருகே நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: தேயிலை, சோலை ஓரம், நட்ட மரத்தோப்பு, புல் அல்லது ஈரநிலம். வெளியூர்க்காரர் என்றால் ஒவ்வொரு முறையும் புது இடம் தேடாமல் அதே நான்குக்கே வாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வலசை வந்த இலைக்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அவை போய்விட, ஊர்ப் பறவைகளின் பாட்டு உச்சத்தில் இருக்கும். ஜூனிலிருந்து மேற்குப் பக்கத்தை விட்டுவிட்டு, மழை குறைவான கோத்தகிரிப் பக்கம் பாருங்கள்.

ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு சேர்ந்துகொள்ள நல்ல வாய்ப்பு. கட்டணமோ தேர்வோ கிடையாது. எங்கிருந்தாலும் குறைந்தது 15 நிமிடம் பறவைகளைப் பார்த்து, ஈபேர்டில் பட்டியலை ஏற்றினால் போதும். உங்கள் நான்கு இடங்களிலும் ஆளுக்கொரு பட்டியல் என்று குடும்பத்தோடு போட்டுவிடுங்கள். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுதாமல் 'ஈப்பிடிப்பான் இனம்' என்று பொதுவாகவே விடலாம், அதற்கும் அந்தச் செயலியில் இடம் இருக்கிறது.